ஜாமீன் உத்தரவு வந்தும் புழல் சிறையில் இருப்பவரை வெளியே கொண்டுவருவது எப்படி?

சென்னையில் ஒருவர் ரிமாண்ட் ஆனதும் (நீதிமன்றம் காவலில் வைக்க உத்தரவிட்டதும்) மூன்று விவரங்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ரிமாண்ட் செய்த தேதி, குற்ற எண்ணும் சட்டப் பிரிவுகளும், அவர்மேல் வேறு வழக்கு இருக்கிறதா என்பது. வக்கீல் வைக்க வசதி இல்லையா? 15100 எண்ணுக்கு அழைத்து இலவசச் சட்ட உதவி கேளுங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பே கிடையாது.

அதிகம் கோட்டைவிடப்படுவது நாள் கணக்கில்தான். மரண தண்டனை, ஆயுள், பத்தாண்டு அல்லது அதற்கு மேல் சிறை என்றுள்ள குற்றங்களில் 90 நாளுக்குள்ளும், மற்றவற்றில் 60 நாளுக்குள்ளும் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும் (குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் பிரிவு 187(3)). கைதான நாளிலிருந்து எண்ணக்கூடாது. ரிமாண்ட் நாளை முதல் நாளாக வைத்து எண்ண வேண்டும். ஜூலை 10 ரிமாண்ட் என்றால் 60ஆம் நாள் செப்டம்பர் 7. மனு 8ஆம் தேதி காலையிலேயே நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். கேட்காமல் இந்த ஜாமீன் வராது. மனுவுக்கு முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போய்விடும். மனு முதலில் போய், அன்றே பிற்பகல் போலீஸ் தாக்கல் செய்தால் உரிமை நிற்கும்: சென்னை போதைப்பொருள் வழக்கான எம்.ரவீந்திரன் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. பெரிய அளவு போதைப்பொருள் வழக்குகளுக்குக் கெடு 180 நாள். இந்த வகை ஜாமீனுக்குப் பணம் கட்டச் சொல்லி நிபந்தனை போட்டால், அதே ஆண்டின் சரவணன் தீர்ப்பைக் காட்டி எதிர்க்கலாம்.

விசாரணை இழுத்துக்கொண்டே போனால் அதே சட்டத்தின் பிரிவு 479 இருக்கிறது. முன்பு தண்டனையே பெறாதவர் அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கும், மற்றவர் பாதியும் உள்ளே கழித்திருந்தால் ஜாமீன் கேட்கப் போதும். வீட்டில் திருடியதாக வழக்கு, அதிகபட்சம் 7 ஆண்டு என்றால், முதல்முறையாளருக்கு 2 ஆண்டு 4 மாதம். பி.என்.எஸ்.எஸ். நடைமுறைக்கு வந்த 2024 ஜூலை 1க்கு முந்தைய வழக்குகளுக்கும் இது பொருந்தும். நீதிமன்றத்துக்கு எழுத வேண்டிய கடமை சிறைக் கண்காணிப்பாளருடையது. அவர் எழுதவில்லை என்றால் நீங்களே மனுப் போடுங்கள். ஆனால் ஆயுள் அல்லது மரண தண்டனைக்கு வாய்ப்புள்ள குற்றங்களுக்கு இது இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தாலும் சட்டம் கதவைச் சாத்திவிடுகிறது. நாலைந்து சில்லறைத் திருட்டு வழக்கில் மாட்டிய ஏழைக்குத்தான் இது அதிகம் தேவை. அவரையே விட்டுவிட்டது இந்தச் சீர்திருத்தத்தின் பெரிய ஓட்டை.

ஜாமீன் கிடைத்தாயிற்று, ஷூரிட்டி (பிணை நிற்கும் ஆள்) இல்லை. இங்கேதான் பலர் நின்றுபோகிறார்கள். உச்ச நீதிமன்றத்தின் 2023 ஜனவரி 31 உத்தரவைப் பயன்படுத்துங்கள். ஜாமீன் உத்தரவின் நகல் அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக்குப் போக வேண்டும். ஏழு நாளில் விடுதலை ஆகாவிட்டால் சிறை நிர்வாகம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் ஷூரிட்டி கொடுக்க முடியவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். அதுவரை காத்திருக்க வேண்டாம். தளர்த்தக் கோரும் மனுவில் குடும்ப வருமானம், வாடகை வீடு, சொந்த ஊர் எல்லாவற்றையும் எழுதுங்கள். வெளிமாவட்டத் தொழிலாளியிடம் உள்ளூர் ஷூரிட்டிதான் வேண்டும் என்று வற்புறுத்துவதையும் அந்த உத்தரவு ஏற்கவில்லை. ஜாமீனில் விடக்கூடிய சாதாரணக் குற்றம் என்றால் இன்னும் எளிது: கைதாகி ஒரு வாரத்தில் ஷூரிட்டி தர முடியாதவரை ஏழை என்றே கொண்டு சொந்தப் பிணையில் விட வேண்டும் (பிரிவு 478).

காசுக்கு வரும் ஷூரிட்டிகளை நம்பாதீர்கள். இதற்கு முன் எத்தனை பேருக்கு நின்றோம் என்று அவர்கள் உறுதிமொழி தர வேண்டும்; பொய் வெளிப்பட்டால் சிக்கல் உங்கள் ஆளுக்கும் சேர்த்துத்தான். பல வழக்குகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புது ஆட்களைத் தேடி அலைய வேண்டாம். ஒரே ஷூரிட்டிகளை எல்லாவற்றுக்கும் ஏற்கும்படி கேட்க, 2024 ஆகஸ்டின் கிரீஷ் காந்தி தீர்ப்பு இருக்கிறது.

விடுதலை உத்தரவு வாங்கியதும் அங்கேயே நின்று பெயர், தகப்பனார் பெயர், குற்ற எண் மூன்றையும் ரிமாண்ட் தாளோடு ஒத்துப் பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் சிறை வாசலில் திருப்பி அனுப்பலாம். வேறு வழக்கில் பி.டி. வாரண்ட் (சிறையிலிருப்பவரை இன்னொரு வழக்கில் ஆஜர்படுத்தச் சொல்லும் உத்தரவு) இருந்தாலும் ஆள் வெளியே வரமாட்டார். குண்டாஸ் (குண்டர் தடுப்புக் காவல் சட்டம்) போட்டிருந்தாலோ, அதற்கு இந்த மனுக்கள் எதுவும் உதவாது. அறிவுரைக் கழகம், உயர் நீதிமன்ற ஆட்கொணர்வு மனு என்று அது தனிப் பாதை.