அரசின் திறமைத் திட்டங்கள்: காரைக்குடிப் பக்கம் நாம் கோட்டை விடும் இடங்கள்

புதிதாக யோசிக்கிற பிள்ளைகளையும் தொழில் தொடங்குகிறவர்களையும் வளர்க்க மத்திய அரசிடமும் மாநில அரசிடமும் திட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் நான் பார்த்தவரை, நல்ல திறமை இருந்தும் பலர் கோட்டை விடுவதற்குக் காரணம் ஒன்றுதான்: எந்தப் பணம் எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்று பார்க்காமலே விண்ணப்பிப்பது.

முதலில் பள்ளிக்கூடம். மாணவர்களின் புதிய யோசனைகளுக்காக மத்திய அரசு நடத்தும் இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் ஒரு பள்ளி 5 மாணவர்களின் யோசனைகளை அனுப்பலாம். தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் நேராகப் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கு வரும். இங்கே நடப்பது என்னவென்றால், கடைசித் தேதி நெருங்கும்போது “யாராவது ஏதாவது ஐடியா சொல்லுங்கப்பா” என்று வகுப்பில் ஒரு குரல் கேட்கும், பிள்ளைகள் யூடியூபைத் திறப்பார்கள், தானாக மூடி திறக்கும் குப்பைத்தொட்டியும் சென்சார் வைத்த ஊன்றுகோலும் கிளம்பிவிடும். தேர்வுக் குழு முக்கியமாகப் பார்ப்பது புதுமையைத்தான். அந்தக் குப்பைத்தொட்டியை அவர்கள் எத்தனை மாவட்டத்திலிருந்து பார்த்திருப்பார்கள்!

ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் அச்சை வைத்து, கலர் சிமெண்டைக் கையால் ஊற்றித்தான் இன்றைக்கும் தரைக்கான பூக்கல் போடுகிறார்கள். ஈரச் சிமெண்டில் அம்மாவின் விரல்கள் அரித்துப் போவதைத் தினமும் பார்க்கிற பிள்ளை அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கும். கொட்டான் என்கிற ஓலைக்கூடை பின்னுகிற வீட்டுப் பிள்ளைக்கு ஓலையில் சாயம் சீராகப் பிடிக்காத கஷ்டம் தெரியும், கண்மாய்ப் பாசனத்துப் பிள்ளைக்கு மடையைத் திறந்து மூடுகிற பாடு தெரியும். அவர்களிடம் போய் “உங்க வீட்டு வேலையில எது கஷ்டம்?” என்று கேட்டாலே போதும், ஐடியா தேடி யூடியூபுக்குப் போக வேண்டியதில்லை.

அப்புறம் அந்த 10,000 ரூபாயை அப்படியே ப்ராஜெக்ட் சென்டரில் கொடுத்து பளபளவென்று ஒரு மாடல் வாங்கி வருவது. இதை நான் திருட்டு என்றே சொல்வேன், அரசிடமிருந்து அல்ல, பிள்ளையிடமிருந்து. அந்தப் பணம் செய்து பார்த்து, கெட்டுப்போய், மறுபடி செய்வதற்காகக் கொடுப்பது. வாங்கி வந்த மாடலைப் பற்றி நடுவர் “இதை ஏன் இங்கே வைத்தாய்?” என்று ஒரு கேள்வி கேட்டால் பிள்ளை முழிக்கும். பிள்ளைகள் கையால் செய்து பார்க்க மத்திய அரசு பள்ளிகளில் அமைக்கும் அடல் டிங்கரிங் லேப் கதையும் இதுதான். ஒரு பள்ளிக்கு 20 லட்சம் வரை மானியம், ஆனால் பழுதாகிவிடும் என்று பயந்து 3டி பிரிண்டரைப் பூட்டி வைத்து, அதிகாரி வரும்போது மட்டும் உறையைக் கழற்றினால் எந்தப் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்?

பெரிய நஷ்டம் காப்புரிமையில் வருகிறது. நல்ல யோசனை கிடைத்ததும் நாம் செய்யும் முதல் வேலை, அதைக் கண்காட்சியில் வைத்து, வீடியோ எடுத்து, வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது. ஊரறியக் காட்டிய பொருள் புதியது அல்ல என்று காப்புரிமையை மறுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அரசிதழில் அறிவிக்கப்பட்ட சில கண்காட்சிகளுக்கு மட்டும் 12 மாத விலக்கு உண்டு, கல்யாண மண்டபத்தில் நடக்கும் அறிவியல் விழா அதில் சேராது. அதனால் முதலில் ஒரு புரொவிஷனல் (தற்காலிக) விண்ணப்பம் போடுங்கள். தனிநபர் இணையத்தில் போட்டால் கட்டணம் 1,600 ரூபாய்தான், முழு விவரத்தைக் கொடுக்க அதிலிருந்து 12 மாதம் கிடைக்கும். கண்டுபிடிப்பாளர் பெயர் இருக்கும் இடத்தில் யோசித்த மாணவரின் பெயர் இருக்கிறதா என்பதையும் பாருங்கள், வழிகாட்டியின் பெயர் மட்டும் ஏறிவிடுவது உண்டு. இன்னொன்று, பாட்டன் காலத்துப் பூக்கல் வடிவத்துக்கோ பாரம்பரிய நெசவுக்கோ தனி ஆள் காப்புரிமை கேட்டு அலைவதில் பயனில்லை. 2019இல் காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்குக் கிடைத்த புவிசார் குறியீடு மொத்த நெசவாளர்களுக்கும் உரியது.

பிளஸ் டூவில் மாநில அளவில் முதல் வரிசையில் வந்த பிள்ளைகளுக்கு இன்ஸ்பயர் ஷீ உதவித்தொகை, ஆண்டுக்கு 80,000 ரூபாய். இது அடிப்படை அறிவியல் படிப்புக்கு மட்டுமே, பொறியியலில் சேர்ந்தால் கிடையாது. சேர்ந்த பிறகு விசாரிப்பதில் அர்த்தமில்லை. இந்தத் தொகையில் 20,000 ரூபாய் கோடை ஆய்வுக்கானது, அதற்கு வழிகாட்டி தேடி எங்கெங்கோ போகிறவர்கள் காரைக்குடியிலேயே சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) இருப்பதை மறந்துவிடுகிறார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய ஆய்வகம் அது. சிக்ரியின் தாய் அமைப்பான சி.எஸ்.ஐ.ஆரின் நிறுவன நாளான செப்டம்பர் 26ஐ ஒட்டி ஆய்வகங்களைப் பார்வைக்குத் திறப்பது வழக்கம். போனால் செல்ஃபியோடு திரும்பாமல் விஞ்ஞானியிடம் ஒரு கேள்வியாவது கேட்டுவிட்டு வாருங்கள்.

சரி, தொழிலுக்கு வருவோம். தமிழக அரசின் டான்சீட் திட்டம் ஸ்டார்ட்அப்களுக்கு 10 லட்சம் கொடுக்கிறது. பெண்கள் நடத்துவதற்கும் கிராமப்புறத்துக்குப் பயன்படுவதற்கும் 15 லட்சம். இது இனாம் அல்ல, பதிலுக்கு 3 சதவீதப் பங்கை அரசு எடுத்துக்கொள்ளும். மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரமோ தனி உரிமையாளர் பெயரில் நடக்கும் கடைக்குக் கிடைக்காது, பிரைவேட் லிமிடெட், எல்.எல்.பி. (வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டு நிறுவனம்), பதிவு செய்த கூட்டு நிறுவனம் போன்ற அமைப்பாக இருக்க வேண்டும். வீட்டுப் பலகாரம் விற்கிற ஆச்சி ஒருவர் சீடை உருட்ட மெஷின் வாங்கப் பணம் தேடினால், அவரைப் போய் ஸ்டார்ட்அப் என்று பதியச் சொல்லி அலைக்கழிக்காதீர்கள். புதிதாகத் தொடங்குகிறார் என்றால் மாவட்டத் தொழில் மையத்தில் பி.எம்.இ.ஜி.பி. (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்) மானியக் கடன் கேட்கலாம், ஊரைப் பொறுத்தும் ஆளைப் பொறுத்தும் 15 முதல் 35 சதவீதம் வரை மானியம். ஆனால் கடையை நடத்த ஆரம்பித்துவிட்டு அப்புறம் போய்க் கேட்டால் “இது புதுத் தொழிலுக்கு மட்டும்தான்மா” என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அங்கே போங்கள்.