சொந்தக்காரர் இல்லாத ஊருக்குத் தனியாகப் போவது எப்படி?

யாழ்ப்பாணத்தில் வெளிநாடு என்றால் அது ரொறன்ரோவில் தம்பி வீடு, லண்டனில் மகள் வீடு, பாரிசில் மச்சாள் வீடு. விமான நிலையத்துக்கு ஒருவர் வந்து நிற்பார், பெட்டியை வாங்குவார். திரும்ப விமானம் ஏறும்வரை நம் கையில் எதுவும் இல்லை. அதை நான் பயணம் என்று கணக்கெடுப்பதில்லை. "யார் வீட்டில் நிற்கப் போகிறீர்கள், ரீச்சர்?" என்று கேட்டால் "ஒருவர் வீட்டிலும் இல்லை" என்று சொல்லத் துணிந்தவர்களுக்குத்தான் இந்தக் குறிப்பு.

முதல் தடவைக்குக் கோலாலம்பூரில் இறங்குங்கள். அங்கிருந்து தரைவழியாகச் சிங்கப்பூர் போய், சிங்கப்பூரிலிருந்தே வீடு திரும்புங்கள். விமானம் ஏறக் கோலாலம்பூருக்கே திரும்பி வரும் திட்டம் மட்டும் வேண்டாம். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு மலேசியா இணையவழி விசா கேட்கிறது. சிங்கப்பூரைச் சில நாள் சுற்றிப் பார்க்க விசா தேவையில்லை. ஒரு தடவை நுழைவதற்கு மட்டுமான விசாவோடு எல்லையைத் தாண்டிவிட்டால், கோலாலம்பூரில் திரும்பும் விமானத்தைப் பிடிக்க மறுபடி உள்ளே வர முடியாது.

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னை போய் அங்கே மலிவான விமானம் பிடிக்கலாம் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் சென்னையில் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையமே நிம்மதி.

இரண்டு நாடுகளும் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பச் சொல்கின்றன. போய் இறங்குவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் நிரப்பலாம், காசு இல்லை. அரசாங்கத் தளம் போல வேஷம் போட்டு டொலர் கேட்கும் தளங்கள் தேடலில் முன்னுக்கு வந்து நிற்கும். ஏமாறாதீர்கள்.

முதல் இரவுக்கான அறையையும் எல்லை கடக்கும் நாளையும் மட்டும் ஊரிலேயே உறுதி செய்யுங்கள். மிச்சத்தைச் சும்மா விடுங்கள். அப்படிச் சும்மா விட்ட ஒரு காலையில்தான் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழைந்தேன். ரயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை பார்க்க மலாயா போன நம்மவர்கள் எழுப்பிய கோயில். திருநீறு பூசிக்கொண்டு நின்ற ஒரு முதியவர் என் பேச்சைக் கேட்டதும், "யாழ்ப்பாணத்தில் எந்தப் பக்கம்?" என்றார். அவருடைய பாட்டனார் வட்டுக்கோட்டையாம்; அவர் அந்த மண்ணை மிதித்ததே இல்லை. ஒரு மணி நேரம் வட்டுக்கோட்டையைப் பற்றி எனக்கே பாடம் எடுத்தார்.

இனி எல்லை. கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு நேரே போகும் சொகுசு பஸ் சோதனைச் சாவடியில் கொஞ்ச நேரம்தான் காத்திருக்கும். முதல் தடவை போகிறவருக்குக் கைரேகை, கேள்வி என்று நேரம் இழுக்கும். வெளியே வந்து பார்த்தால் பஸ் போயிருக்கும். பெட்டியும் அதற்குள் என்றால் கேட்கவே வேண்டாம். நான் செய்வது இதுதான்: கோலாலம்பூரின் தெற்குப் பஸ் நிலையத்தில் (TBS), எல்லையோர மலேசிய நகரமான ஜொகூர் பாருவின் லார்க்கின் பஸ் நிலையத்துக்கு டிக்கெட் வாங்குவேன். அங்கே சிங்கப்பூர் போகும் 170ஆம் இலக்கப் பஸ்ஸில் ஏறுவேன். மலேசியச் சாவடியில் பெட்டியோடு இறங்கி, முத்திரை வாங்கி, கீழே வந்து மறுபடி 170. இரண்டு நாடுகளையும் இணைக்கும் பாலத்தைக் கடந்ததும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் சாவடியில் இன்னொரு தடவை இதே கூத்து. ஏறி வந்த பஸ் போயிருந்தால் அடுத்த 170 வரும், டிக்கெட்டைத் தொலைக்காதிருந்தால் போதும். மாடிப்படி ஏறி இறங்க வேண்டும் என்பதால் பெட்டி நீங்களே தூக்கக்கூடியதாக இருக்கட்டும்.

சிங்கப்பூர்ச் சுங்கத்தில் ஒரு இளம் பெண் அதிகாரி என் பையிலிருந்து புழுக்கொடியலை, அதாவது அவித்துக் காயவைத்த பனங்கிழங்கை, எடுத்தாள். மேசையில் தட்டினாள். மணந்தாள். கடைசியில் இன்னொருவரையும் கூப்பிட்டாள். ஒரு துண்டை முறித்து நான் வாயில் போட்டுக் காட்டிய பிறகுதான் இருவரும் சிரித்தார்கள். எது கொண்டுபோனாலும் பொதியின் மேல் ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுங்கள். பருத்தித்துறை வடைக்கு இந்தத் தொல்லை இல்லை. பல நாள் கெடாமலும் இருக்கும். வெற்றிலைப் பையில் புகையிலை இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மெல்லும் புகையிலைக்குச் சிங்கப்பூரில் தடை.

விடியற்காலையில் அந்தப் பாலம் வேலைக்குப் போகும் மலேசியர்களால் நெரியும். வார நாளில் மத்தியானம் கடக்கலாம். ஞாயிறு மாலை மட்டும் வேண்டவே வேண்டாம்.