முழுக்கோழியைப் புகையில் சுட எந்த அளவு வாங்கலாம்?

சுத்தம் செய்தபின் ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை இருக்கும் கோழியை எடுங்கள், அதுதான் சரியான அளவு. பெரிய கோழி பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் தொடை எலும்பு வரை சூடு போய்ச் சேர்வதற்குள் நெஞ்சுக்கறி காய்ந்து சக்கையாகிவிடும், அதோடு குறைந்த சூட்டில் உள்பக்கம் நெடுநேரம் வெதுவெதுப்பாகவே கிடந்தால் கிருமி பெருகும் ஆபத்தும் உண்டு. ஆள் அதிகமா? மூன்று கிலோவில் ஒன்று வேண்டாம், ஒன்றரை கிலோவில் இரண்டு வாங்குங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே எடையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒன்று வெந்து மற்றது வேகாமல் நிற்கும்.

ஒரு கிலோவுக்குக் கீழே உள்ள குஞ்சுக்கோழி புகையேறுவதற்குள் வெந்துவிடும். அதை நேரடித் தணலில் சுடலாம்.

வாங்கும் முன் அடுப்பு மூடியின் உயரத்தையும் பாருங்கள் (நான் பார்க்காமல் வாங்கி, மூடி மூடாமல் திண்டாடியிருக்கிறேன்). பெரிய கோழிதான் கிடைத்தது என்றால் முதுகெலும்பை வெட்டியெடுத்து விரித்துப் போடுங்கள், சீராக வேகும்.

135 டிகிரி செல்சியஸில் இரண்டு கிலோ கோழிக்கு இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். கடிகாரத்தை நம்பாதீர்கள், வெப்பமானியைக் குத்திப் பார்த்து நெஞ்சில் 74, தொடையில் 80 டிகிரி வந்ததும் இறக்குங்கள்.