எந்த ஊர் ஆங்கிலம்? வன்னியிலிருந்து புதிதாக வருபவர்களுக்கு

ஒரே மொழி ஊருக்கு ஊர் மாறும் என்பதை வன்னியில் வளர்ந்த எவருக்கும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளோடு கிளிநொச்சிப் பாடசாலைகளில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாம். “டீச்சர் பேசினாங்க” என்று மலையகப் பிள்ளை சொன்னால் ஆசிரியர் கதைத்தார் என்று பொருள். “ரீச்சர் பேசினவ” என்று நாம் சொன்னால் ஏச்சு விழுந்திருக்கிறது என்று பொருள். வெளிநாட்டில் நீங்கள் எதிர்கொள்ளப்போகும் ஆங்கிலமும் இத்தகையதே. தெரியாத சொல்லைக் காட்டிலும் தெரிந்த சொல்தான் ஆளை அதிகம் மாட்டிவிடும். ஏனெனில், தெரிந்த சொல்லுக்கு நாம் விளக்கம் கேட்பதில்லை.

இங்கிலாந்துக்கு வந்த புதிதில் என் மாமி இருமலுக்கு மருந்தெடுக்கத் தொலைபேசியில் அழைத்தபோது, மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ‘சேர்ஜரி’க்கு வரும்படி சொன்னார்கள். அவர் சத்திரசிகிச்சை என்றே விளங்கிக்கொண்டு, இரவுச் சாப்பாட்டை விட்டு, விடியத் தேத்தண்ணியும் குடிக்காமல், மாற்றுடுப்புப் பையோடு போய் நின்றார். பிரித்தானியாவில் குடும்ப வைத்தியர் நோயாளரைப் பார்க்கும் இடத்துக்கே சேர்ஜரி என்றுதான் பெயர். அங்கே “யூ ஓல்ரைட்?” என்று கேட்பவர் பெரும்பாலும் சுகம் விசாரிக்கவில்லை, வணக்கம்தான் சொல்கிறார், ஆகவே உங்கள் முதுகுவலியை விவரிக்கத் தொடங்க வேண்டாம். இங்கிலாந்தின் வடபகுதியில் ‘ரீ’க்கு வரச் சொன்னால், பல வீடுகளில் அது மாலைச் சாப்பாடு. ‘ஹாஃப் செவன்’ என்பது ஏழரை மணி. ஜேர்மனியிலோ சுவிஸிலோ சில காலம் இருந்துவிட்டு வந்தவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஜேர்மன் மொழியில் அதே அமைப்பு ஆறரையைக் குறிக்கும்.

கனடாவுக்கு வருபவர்கள் முதலில் அறிய வேண்டிய சொல் ‘ஹைட்ரோ’. ஒன்ராறியோவில் நயாகரா நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுத்து விநியோகிப்பதற்கென 1906 இல் அமைக்கப்பட்ட ஆணைக்குழுவின் பெயரிலிருந்த அந்தச் சொல், நாளடைவில் மின்சாரத்துக்கே பெயராகிவிட்டது. ஸ்காபுறோவில் பேஸ்மன்ற் வாடகைக்குப் பார்க்கும்போது ‘ஹைட்ரோ தனி’ என்றால் தண்ணீர்க் காசு என்று நினைத்துத் தலையாட்டிவிடாதீர்கள். அது கரண்ட் பில். வீட்டின் ஹீற்றர் மின்சாரத்தில் ஓடுவதாக இருந்தால், மாரியில் வரும் தொகை வாடகைக் கணக்கையே மாற்றிவிடும். மலசலகூடத்தை அங்கே ‘வோஷ்றூம்’ என்பார்கள். வட அமெரிக்காவில் ‘ஃபெர்ஸ்ட் ஃப்ளோர்’ என்பது பெரும்பாலும் நிலத்தளம்தான். நம் ஊர் வழக்கமும் பிரித்தானிய வழக்கமும் அதை ஒருபடி மேலே வைத்திருக்கின்றன. அமெரிக்கர் மாதத்தை முன்னால் எழுதுவதால், 03/04 என்பது அவர்களுக்கு மார்ச் 4.

அவுஸ்திரேலியாவில் ‘ஆவோ’ என்றால் பிற்பகல், ‘தோங்ஸ்’ என்றால் ரப்பர்ச் செருப்பு. விருந்துக்குக் கூப்பிட்டு ‘ஒரு பிளேற் கொண்டு வாருங்கள்’ என்றால் வெறும் கோப்பையோடு போகக்கூடாது. எல்லோரும் பகிர்ந்து உண்ண ஏதாவது சமைத்துக்கொண்டு போக வேண்டும்.

நீங்கள் கொண்டுவரும் ஆங்கிலம் பிழையான ஆங்கிலம் அன்று, அது இலங்கை ஆங்கிலம். ஆனால் ரோல்ஸ், பற்றிஸ் போன்ற சிற்றுண்டிகளை ‘ஷோர்ட் ஈற்ஸ்’ என்றால் இலங்கையருக்கு வெளியே அநேகமாக எவருக்கும் விளங்காது. மேலாளரைச் ‘சேர்’ என்று அழைக்காமல் முதற்பெயர் சொல்லி அழைப்பதற்கு நம்மவர்களின் நாக்கு எழும்புவதில்லை; இந்நாடுகளின் பெரும்பாலான வேலைத்தலங்களில் அது மரியாதைக் குறைவாகக் கருதப்படாது.

உச்சரிப்பில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். சொல்லின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் ‘பி’ (P) ஒலியோடு ஒரு மூச்சுக்காற்றையும் வெளியே விடுவார்கள். நாம் அதை விடாமல் சொல்வதால் அவர்கள் காதில் அது மென்மையான ‘பீ’ (B) ஆகவே விழும். பரமேஸ்வரன் என்ற பெயர் மருத்துவப் பதிவில் அந்த எழுத்தில் ஏறிவிட்டால், பின்னர் கடவுச்சீட்டோடு ஒத்துவராது. ஆகவே தொலைபேசியில் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது ‘பி ஃபோர் பீற்றர்’ என்று சேர்த்துச் சொல்லி, எழுதியதைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.