ஸ்கோப்பில் ஜீரோ நிற்கவில்லையா? டரட்டைத் திருகும் முன் கவனிக்க வேண்டியவை

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், நவம்பர் மாத நன்றி நவிலல் நாள் (தேங்க்ஸ்கிவிங்) முடிந்து வரும் சனிக்கிழமை ரைஃபிள் மான் வேட்டை தொடங்கும். ரைஃபிள் மேல் மாட்டும், குறிபார்க்கும் தொலைநோக்கிதான் ஸ்கோப்; அதன் குறுக்குக்கோடு காட்டும் இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்வதுதான் ஜீரோ. வேட்டைக்கு முந்தைய வாரங்களில் சுடுதளங்களில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: “போன வருஷம் ஜீரோ பண்ணி வைத்தது, இப்போது நாலு அங்குலம் தள்ளி அடிக்கிறது. ஸ்கோப் போச்சு!” போயிருக்கலாம். ஆனால் பல நேரம் பழுது ஸ்கோப்புக்குள் இருக்காது; அதைத் தாங்குகிற ஸ்க்ரூவிலோ, ஸ்டாக் என்கிற துப்பாக்கிக் கட்டையிலோ, சுடுகிற முறையிலோ இருக்கும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் சுமார் 8 அங்குல வட்டம்தான். நடுவில் குறிவைத்து 4 அங்குலம் விலகினால் வட்டத்தின் விளிம்பு. இன்னும் கொஞ்சம் விலகினால், காயம்பட்ட மான் புதருக்குள் ஓடி நெடுநேரம் துடித்துச் சாகும். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

நான் அதிகம் பார்க்கிற தவறு, ஒரே ஒரு குண்டைச் சுட்டுவிட்டு உடனே டரட்டைத் (ஸ்கோப்பின் குறியை நகர்த்தும் குமிழ்) திருகுவது. வேட்டை ஸ்கோப்புகள் பலவற்றில் டரட்டின் ஒரு கிளிக், குண்டு விழும் இடத்தை 100 கெஜத்தில் சுமார் கால் அங்குலம் நகர்த்தும். உங்கள் ரைஃபிள் அதே தூரத்தில் ஒன்றரை அங்குல குரூப் (ஒரே குறிக்குச் சுட்ட குண்டுகள் விழும் பரப்பு) போடுகிறது என்றால், எந்தத் தனிக் குண்டும் மையத்திலிருந்து முக்கால் அங்குலம் எந்தப் பக்கமும் விழலாம். அதைத் துரத்திக்கொண்டு ஒவ்வொரு குண்டுக்கும் திருகினால், ஜீரோவைக் கெடுப்பது நீங்கள்தான். குறைந்தது மூன்று குண்டு சுட்டு, அவற்றின் மையத்தைப் பார்த்து, அப்புறம் திருகுங்கள். நடுவே குழலை ஆறவிடுங்கள். வேட்டைத் துப்பாக்கியின் மெல்லிய குழல் சூடானால் சில ரைஃபிள்களில் குண்டு விழும் இடமே நகரும். காட்டில் நீங்கள் சுடப்போவது குளிர்ந்த குழலில்தான்.

அடுத்தது ஸ்க்ரூ. துப்பாக்கி காலியா என்று தோட்டா உட்காரும் சேம்பரைப் பார்த்து உறுதிசெய்த பிறகே கை வையுங்கள். ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் வளையமான ரிங்கின் ஸ்க்ரூ கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் அதை இறுக்குகிறார்கள். பல துப்பாக்கிகளில், ரிங்கைத் துப்பாக்கியோடு இணைக்கும் பேஸின் ஸ்க்ரூ ஸ்கோப்புக்கு அடியில் மறைந்திருக்கும். அதை யாரும் தொடுவதில்லை. ஸ்கோப்பைக் கழற்றி பேஸைக் கையால் அசைத்துப் பாருங்கள். மயிரிழை ஆட்டம் இருந்தாலும், ஒவ்வொரு குண்டின் உதைப்பிலும் அது கொஞ்சம் கொஞ்சமாக நகரும். ஸ்க்ரூவிலும் துளையிலும் இருக்கும் எண்ணெயை ஆல்கஹாலால் துடைத்து, ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் நீல நிற லாக்டைட் பசை ஒரு துளி வைத்து, முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டார்க் டிரைவரால் முடுக்குங்கள்.

ரிங் ஸ்க்ரூவில் நடப்பது நேர்மாறான தவறு: “இன்னும் கொஞ்சம்” என்று பலம்கொண்ட மட்டும் இறுக்குவது. பல உற்பத்தியாளர்கள் சொல்வது 15 முதல் 20 அங்குல-பவுண்டு வரைதான். உங்கள் ரிங்குக்கு என்ன என்பது அதனுடன் வந்த தாளில் இருக்கும். அதற்கு மேல் போனால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கி, உள்ளே குறுக்குக்கோட்டை நகர்த்தும் சிறு குழாய் சிக்கிக்கொள்ளும். அப்போது கிளிக் கேட்கும், குண்டு நகராது. இறுக்கி முடித்ததும் ரிங்கும் ஸ்கோப்பும் சேரும் இடத்தில் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு உடைந்திருந்தால் ஸ்கோப் வழுக்கியிருக்கிறது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

மரத்தாலான ஸ்டாக் என்றால் ஈரக்காற்றில் அது உப்பி, குழலை ஒரு பக்கமாகத் தள்ளும். குழலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே ஒரு டாலர் நோட்டை விட்டு இழுங்கள். ஃப்ரீ-ஃப்ளோட் செய்த (ஸ்டாக்கைத் தொடாமல் விட்ட) குழலில் அது தடையில்லாமல் போக வேண்டும். ஸ்டாக்கைப் பிடித்திருக்கும் ஆக்‌ஷன் ஸ்க்ரூக்களையும் மறக்காதீர்கள்.

தோட்டாவை மாற்றினீர்களா? குண்டின் எடை மாறினாலும் பிராண்டு மாறினாலும் விழும் இடம் மாறும். அது பழுதே இல்லை. புதிதாக ஜீரோ செய்தால் சரி.

இத்தனையும் பார்த்த பிறகும் குண்டு அலைந்தால், அப்போது ஸ்கோப்பைச் சந்தேகிக்கலாம். 100 கெஜத்தில் எப்போதும் ஒரே புள்ளியைக் குறிவைத்து ஒரு குரூப் சுடுங்கள். பிறகு 20 கிளிக் மேலே, 20 வலப்பக்கம், 20 கீழே, 20 இடப்பக்கம் என்று திருகி, ஒவ்வொரு முறையும் ஒரு குரூப். கால் அங்குல கிளிக் என்றால் சுமார் 5 அங்குலப் பக்கமுள்ள சதுரம் வரும். கடைசி குரூப் முதல் குரூப்பின் மேலேயே விழ வேண்டும். விழவில்லையா? நன்றாக இருக்கும் என்று தெரிந்த வேறொரு ஸ்கோப்பை அதே ரிங்கில் மாட்டிச் சுடுங்கள். அதிலும் அலைந்தால் கோளாறு துப்பாக்கியிலோ ரிங், பேஸிலோ இருக்கிறது. அது ஒழுங்காக அடித்தால், பழையதைக் கழற்றி உற்பத்தியாளருக்கு அனுப்புங்கள். லியூபோல்ட், வோர்ட்டெக்ஸ் போன்றவை ஆயுள் உத்தரவாதம் தருகின்றன. ஆனால் போய்த் திரும்ப வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால், இந்தச் சோதனையை நவம்பர் வரை தள்ளிப்போடாமல் கோடையிலேயே செய்துவிடுங்கள்.