ராகி, மொச்சை, வெல்லம்: உணவிலுள்ள சத்துகளைச் சோதித்துப் பார்க்கும் முறை

பெங்களூரில் பியுசி (11, 12-ஆம் வகுப்பு) படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் சோதனைகளைக் காட்ட ராகி மாவு, மொச்சை, வெல்லம், சர்க்கரை, வேர்க்கடலை போதும். ஒன்றை மட்டும் விடவே கூடாது. ஒவ்வொரு சோதனைக்கும் வெறும் தண்ணீர் ஊற்றிய ஒரு சோதனைக் குழாயைப் பக்கத்தில் வைத்து, அதிலும் அதே மருந்தை அதே அளவு சேருங்கள். நிறம் மாறியதா என்பதை அந்தக் குழாயோடு ஒப்பிட்டால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

போர்வெல் தண்ணீரைத் தவிர்த்துவிடுங்கள். உப்பு மிகுந்த தண்ணீரில் சோடியம் ஹைட்ராக்சைடு விழுந்ததுமே வெள்ளையாகக் கலங்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்ட் வாட்டர் நல்லது.

மாவுச்சத்து: ராகி மாவின் பழுப்பில் அயோடின் நிறம் சரியாகத் தெரியாது. அதனால் 1 கிராம் மாவை 20 மில்லி தண்ணீரில் கொதிக்கவைத்து, தெளியவிட்டு, மேலே நிற்கும் நீரை மட்டும் எடுங்கள். நன்றாக ஆறிய பிறகு 2 மில்லி நீரில் 2 துளி அயோடின் விடுங்கள். கருநீலம் வந்தால் மாவுச்சத்து உண்டு. சூட்டோடு விட்டால் நீலம் வராது. மாவுச்சத்தில் உள்ள அமைலோஸ் என்ற மூலக்கூறின் சுருளுக்குள் அயோடின் தங்கினால்தான் அந்த நிறம், சூட்டில் அது தங்காது. எலுமிச்சைச் சாறு கலந்த உணவும் ஏமாற்றும், வைட்டமின் சி அயோடினின் நிறத்தையே போக்கிவிடும்.

சர்க்கரை: சர்க்கரையைக் காட்டித்தரும் பெனடிக்ட் கரைசலை நீங்களே தயாரிக்கலாம். 80 மில்லி வெதுவெதுப்பான நீரில் சோடியம் சிட்ரேட் 17.3 கிராம், நீரற்ற சோடியம் கார்பனேட் 10 கிராம் கரையுங்கள். நீரற்றது கிடைக்காமல் படிகமாக உள்ள சலவைச் சோடா கிடைத்தால் 27 கிராம் வேண்டும். பலர் இங்கேதான் அளவைத் தவறவிடுகிறார்கள். தனியாக 10 மில்லி நீரில் 1.73 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) கரைத்து, முதல் கரைசலைக் கலக்கிக்கொண்டே அதில் இதை மெல்ல ஊற்றி, மொத்தம் 100 மில்லி ஆக்குங்கள்.

2 மில்லி பெனடிக்ட்டோடு 2 மில்லி மாதிரி சேர்த்து, கொதிக்கும் தண்ணீருக்குள் குழாயை 5 நிமிடம் நிறுத்துங்கள். பெங்களூர் சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 97 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கொதிக்கும். இதற்கு அது தாராளம். சர்க்கரை கூடக் கூட நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று நிறம் ஏறும்.

வெல்லத்தையும் வெள்ளைச் சர்க்கரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அரை கிராம் வீதம் 10 மில்லி நீரில். சர்க்கரைக் குழாய் நீலமாகவே நிற்கும், வெல்லக் குழாயில் நிறம் மாறும். சர்க்கரை சுக்ரோஸ், அது ஒடுக்கும் சர்க்கரை (பெனடிக்ட்டின் நிறத்தை மாற்றும் வகை) அல்ல. வெல்லத்தில் ஒடுக்கும் வகையான குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கொஞ்சம் பிரிந்தே கிடக்கின்றன. சுக்ரோஸை அமிலத்தால் அப்படிப் பிரித்து, வெள்ளைச் சர்க்கரையிலும் நிறம் மாறுவதைக் காட்டலாம். 2 மில்லி சர்க்கரை நீரில் 5 துளி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு 5 நிமிடம் சூடாக்கி, ஆறவைத்து, நுரை அடங்கும்வரை சமையல் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போடுங்கள். பிறகு பெனடிக்ட்டோடு மறுபடி சூடாக்கினால் சிவப்பு வரும். சோடா போட மறந்தால் அமிலம் பெனடிக்ட்டின் காரத்தைக் கெடுத்துவிடும், நிறம் வராது.

புரதம்: ஜனவரியில் ஊரெங்கும் குவியும் பச்சை மொச்சையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுங்கள். அரைத்துத் துணியில் வடிகட்டி, பத்து நிமிடம் தெளியவிடுங்கள். 2 மில்லி சாறு, 2 மில்லி 10 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு, கடைசியில் 1 சதவீத மயில்துத்தக் கரைசல் 2 துளி. சூடாக்கத் தேவையில்லை. ஊதா வந்தால் புரதம். துத்தம் ஐந்தாறு துளி போய்விட்டால் அதன் நீலமே ஊதாவை மூடிவிடும். சோடியம் ஹைட்ராக்சைடு கண்ணில் பட்டால் பெரும் ஆபத்து, கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

கொழுப்பு: நசுக்கிய வேர்க்கடலையை 4 மில்லி எத்தனாலில் நன்றாகக் குலுக்கித் தெளியவிட்டு, மேல்நீரைத் தண்ணீரில் ஊற்றுங்கள். பால்போல வெளுத்தால் கொழுப்பு. அருகில் அடுப்பு எரியக் கூடாது. மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட் சிலவற்றில் விளக்கெண்ணெய் இருக்கும். கடலையே இல்லாமல் வெளுக்கும். பக்கத்தில் வைத்த வெறும் குழாயும் வெளுத்திருந்தால் ஸ்பிரிட்டை மாற்றுங்கள்.