போடியில் பேய் தேடிப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போடி என்றதும் போடிநாயக்கனூர் நினைவுக்கு வந்தால், அது இல்லை. இது கலிஃபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில், மோனோ கவுண்டியில், 8,379 அடி உயரத்தில் நிழலுக்கு ஒரு மரமில்லாமல் காய்ந்து கிடக்கும் பழைய தங்கச் சுரங்க ஊர். 1859இல் இங்கே தங்கம் கண்டவர்களில் ஒருவரான போடியின் பெயரைத்தான் ஊருக்கு வைத்தார்கள். அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. பனிப்புயலில் சிக்கிச் செத்துப்போனார். 1880 வாக்கில் ஆயிரக்கணக்கானோர் குடியிருந்த இடத்தில் 1942இல் தபால் நிலையமும் மூடப்பட்டது. 1962இல் மாநில வரலாற்றுப் பூங்காவானது. ஆவிகள் உலாவும் ஊர் என்ற பேச்சைக் கேட்டுத்தான் பலர் வருகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன்.

‘கோஸ்ட் டவுன்’ என்றால் ஜனங்கள் காலி செய்துவிட்டுப் போன ஊர். பேய் குடியிருக்கும் ஊர் அல்ல. இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, இருட்டினால்தான் சுவாரசியம் என்று சாயங்காலமாகக் கிளம்பி வருகிறவர்கள் ஏமாந்து திரும்புகிறார்கள். பூங்காவைப் பொழுதோடு மூடிவிடுவார்கள். உள்ளே ராத்தங்க முடியாது. கோடையில் எப்போதாவது நடக்கும் இரவு நடைக்குத் தனியாகச் சீட்டு வாங்க வேண்டும். அப்படித் தனி அனுமதி இல்லாமல் ராத்திரியில் ஊரைப் பார்க்க முடியாது. வேலி தாண்டிப் போகலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

பேயை நினைத்துப் பயப்படுகிறவர்கள் சாலையை நினைத்துப் பயப்படுவதில்லை. நெடுஞ்சாலை 395இலிருந்து பிரிந்து 13 மைல் போக வேண்டும். அதில் கடைசி 3 மைல் மண் பாதை, வண்டியோடு பல்லும் சேர்ந்து ஆடும். வாடகைக் கார் என்றால் தார் இல்லாத சாலையில் ஓட்டலாமா என்று ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டு எடுங்கள். உள்ளே பெட்ரோல் இல்லை, சாப்பாட்டுக் கடை இல்லை, செல்போன் சிக்னலையும் நம்ப முடியாது. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் பனி மூடிவிட்டால் கார் போகாது. பனிச்சறுக்குக் கட்டைகளோ ஸ்னோமொபைலோ வேண்டும். பனி உருகும் மாதங்களில் சேறு. ‘கொஞ்ச தூரம்தானே’ என்று விட்டு, சக்கரம் புதைந்து நிற்பவர்கள் அப்போதுதான் அதிகம். கோடையில் போனாலும் தொப்பியும் தண்ணீரும் வேண்டும். இந்த உயரத்தில் நான்கு எட்டு வேகமாக வைத்தாலே மூச்சு வாங்கும். அதைப் போய் ‘ஏதோ நெஞ்சை அமுக்குது’ என்று ஆவி கணக்கில் எழுதிவிடக் கூடாது.

அப்புறம், வீடுகளுக்குள் நுழையப் பார்ப்பது. பெரும்பாலான கட்டடங்களை ஜன்னல் வழியாகத்தான் பார்க்க முடியும். இங்கே எதையும் புதுப்பிப்பதில்லை; இடிந்து விழாமல் மட்டும் தாங்கிப் பிடித்து, எப்படிச் சிதைந்ததோ அந்த நிலையிலேயே நிறுத்தி வைக்கிறார்கள். பள்ளிக்கூடத்து ஜன்னலில் கையைக் குவித்து முகத்தை ஒட்டிப் பாருங்கள்: மேசைகள், புத்தகங்கள், ஓர் உலக உருண்டை, எல்லாவற்றின் மேலும் தூசி. கதவு திறந்திருக்கிறதே என்று ஓர் ஆள் உள்ளே நடந்தால் அந்தத் தூசியில் செருப்புத் தடம் விழுந்துவிடும். உடம்புக்கும் நல்லதல்ல. மோனோ கவுண்டியில் ஹான்டா வைரஸ் தொற்று அவ்வப்போது பதிவாகிறது. எலிப் புழுக்கை கலந்த தூசியை மூச்சில் இழுப்பதால் வருவது, உயிரையே வாங்கக்கூடியது. போடியில் எனக்குப் பயம் என்றால் அது ஒன்றுதான். தங்கத் தாதுவை இடித்த ஸ்டாண்டர்ட் ஆலையையும் வழிகாட்டியோடு மட்டும் பாருங்கள். பாதரசமும் சயனைடும் புழங்கிய இடம், சுற்றிலும் பழைய சுரங்கக் குழிகள்.

ஊரைவிடப் பிரபலம் அந்தச் சாபம்தான். இங்கிருந்து ஒரு கல்லை எடுத்துப் போனாலும் கெட்ட காலம் துரத்தும் என்பார்கள். திருட்டைத் தடுக்க ரேஞ்சர்களே கிளப்பிவிட்ட கதை அது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. கதை பலித்ததோ இல்லையோ, தபால் பலித்துவிட்டது. எடுத்துப் போனவர்கள் வேலை போனது, விபத்து, நோய் என்று வரிசையாக எழுதி, மன்னிப்புக் கடிதத்தோடு ஆணியையும் கண்ணாடித் துண்டையும் திருப்பி அனுப்புகிறார்கள். திருப்பி அனுப்பினால் கணக்கு தீர்ந்தது என்று நினைப்பதும் ஒரு தவறுதான். அந்த ஆணி எந்த வீட்டு வாசலில், எந்தப் பலகைக்குப் பக்கத்தில் கிடந்தது என்பது போனது போனதுதான். சாபம் இருக்கட்டும், எடுப்பதே சட்டப்படி குற்றம். உலோகம் கண்டுபிடிக்கும் கருவியோடு வருவதற்கும் தடை இருக்கிறது.

பேய்க் கதைகளை ஒப்பிப்பதில் இன்னொரு சிக்கல். ஒரு வீட்டில் சீனப் பணிப்பெண்ணின் ஆவி உலாவுகிறது என்பார்கள். அவளைப் பற்றி அதற்கு மேல் கேட்டால் ஒன்றுமில்லை. ஆனால் கிங் தெருவில் சீனர்களின் குடியிருப்பே இருந்தது. விறகும் காய்கறியும் விற்று அந்தக் குளிரில் ஊரை வாழவைத்தவர்கள் அவர்கள். 1882இல் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரவே தடை போட்டுச் சட்டம் வந்தது. ஜன்னல் ஜன்னலாகப் பணிப்பெண்ணைத் தேடுகிறவர்கள் கிங் தெரு இருந்த வெற்றிடத்தை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அதேபோலக் கல்லறைத் தோட்டத்தில் தேவதைச் சிலை நிற்கும் சமாதி. 1897இல் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் குந்தாலி தவறுதலாகத் தலையில் பட்டு இறந்த சிறு குழந்தையுடையது. அங்கே நின்று ‘இருந்தால் ஒரு சத்தம் கொடு’ என்று செல்போனில் பதிவு செய்கிற கூத்து வேண்டாமே.

கிளம்பும்போது பிள்ளைகளின் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டுக் காரில் ஏற்றுங்கள். நாங்கள் பார்க்கவில்லை. மண் பாதையெல்லாம் குலுங்கி முடிந்து தார்ச் சாலை ஏறிய பிறகுதான், பின் இருக்கையிலிருந்து துருப்பிடித்த ஓர் ஆணியை நீட்டி, “சித்தப்பா, இதுவும் அந்தக் கணக்கில் சேருமா?” என்று கேட்டாள் அண்ணன் மகள். வண்டியைத் திருப்பினேன்.